ராஸ்பெரித் தடியும் வன்னிக் கதியாலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டன் புறநகர் ஒன்றில் 14 வருடங்கள் வீட்டுக்குப் பின்னால் ராஸ்பெரி வளர்த்தேன். இப்போது கிளிநொச்சியில், இரணைமடு வாய்க்கால் தண்ணீர் எட்டாத ஒரு மேட்டுக் காணியில் இருக்கிறேன். இந்தப் பழத்தைப் பற்றி எனக்கு இரண்டு பக்கமிருந்தும் கேள்வி வருகிறது. இங்குள்ளவர்கள் "அண்ணை, எங்கட வளவில வைக்கலாமோ?" என்கிறார்கள். கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் சொந்தக்காரர், தபாலில் வந்த கன்றைக் கையில் வைத்துக்கொண்டு "மாமா, இது உயிரோடதான் இருக்கா?" என்று வீடியோவில் காட்டுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. இனி இதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ராஸ்பெரி என்றால் எது? ஸ்ட்ராபெரியா?

இல்லை. ஸ்ட்ராபெரி நிலத்தோடு படரும். ராஸ்பெரி நெஞ்சளவு, ஆளளவு உயரத்துக்குத் தடிதடியாக எழும். பழம் விரல் நுனியளவு, இளஞ்சிவப்பு, சின்னச் சின்ன மணிகள் சேர்ந்தது. நன்றாகப் பழுத்ததை இழுத்தால் நடுவில் உள்ள வெள்ளைக் கூம்பு செடியிலேயே நின்றுவிடும், பழம் மட்டும் உள்ளே வெறுமையாகத் தொப்பிபோலக் கழன்று வரும். பிள்ளைகள் அதை விரலில் மாட்டிக்கொண்டு தின்பார்கள். ரோசாக் குடும்பத்துச் செடி, பெரும்பாலானவற்றில் சிறு முள் இருக்கும்.

மண்ணே இல்லாமல் வேரோடு மட்டும் அனுப்புகிறார்களே, அது எப்படித் தப்புகிறது?

அந்தச் செடி அப்போது நித்திரை. குளிர்நாட்டில் இலையுதிர்காலம் முடிய ராஸ்பெரி இலை முழுவதையும் கொட்டிவிட்டு, தேவையான சத்தை வேரிலும் தடியிலும் வைத்துக்கொண்டு உறங்கிவிடும். இலை இல்லாததால் தண்ணீர் ஆவியாகப் போவதும் மிகக் குறைவு. அந்த நேரம் பார்த்துத் தோண்டி, மண்ணை உதறி, வேரை ஈரமாகச் சுற்றி அனுப்புகிறார்கள். பார்க்கச் செத்த தடி மாதிரித்தான் இருக்கும். நகத்தால் தோலை மெல்லச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தடி காய்ந்து போயிருந்தாலும் வேர் வளைந்து கொடுத்து, அதில் வெள்ளை முளைகள் தெரிந்தால் எறியவேண்டாம். புதுத் தடி வேரிலிருந்துதான் வரும்.

எங்களுக்கு இது புதுச் சங்கதி இல்லை. மாரி தொடங்க வேலிக்கு வெட்டிய கிளையைக் கதியாலாக ஊன்றுகிறோம், வாழைக்குட்டியைக் கிளப்பி வேரைச் சீவிவிட்டு இரண்டு நாள் நிழலில் போட்டு நடுகிறோம். ஒன்றிலும் மண்ணும் இல்லை, இலையும் இல்லை.

சரி, கிளிநொச்சியில் வளருமா?

இலை வரலாம், பழம் வராது. பிறகு இலையும் போய்விடும்.

காரணம் வெயில் மட்டும் இல்லை. குளிர் இல்லாததுதான் முதற்காரணம். ராஸ்பெரியின் மொட்டு நித்திரையிலிருந்து எழும்ப, அது பட்ட குளிருக்குக் கணக்கு இருக்கிறது. பெரும்பாலான இனங்களுக்கு ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே 800 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். இடைவிடாமல் கணக்கிட்டால் முப்பத்துமூன்று நாள், இரவு பகலாக. அந்தக் கணக்கு நிரம்பாவிட்டால் மொட்டுகளில் சில வெடிக்கும், சில அப்படியே நிற்கும், பூ வராது. எங்கள் வன்னியில் மார்கழி, தை விடியற்காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு "என்ன குளிர்" என்று சொல்லுகிறோமே, அந்தக் குளிர் 20 பாகை அளவுதான். ராஸ்பெரியின் கணக்கில் அது ஒரு மணித்தியாலமாகக்கூடச் சேராது.

இதற்குமேல் வைகாசியில் தொடங்கும் சோளகம் இருக்கிறது. 34, 35 பாகை வெயிலில் மண்ணில் ஈரமே இல்லாமல் அடிக்கும் காற்று. ராஸ்பெரியின் வேர் மேலாக ஓடுவது, பெரும்பகுதி ஓரடி ஆழத்துக்குள்ளேயே இருக்கும். நானும் ஆசை விடாமல் ஒன்று வைத்துப் பார்த்தேன். மலைநாட்டு நண்பர் ஒருவர் பூச்சாடியில் தந்த கன்று. கிணற்றடி நிழலில் வைத்தேன். மாரி முழுவதும் பச்சையாக நின்றது, நான் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். சித்திரையில் இலை ஓரம் கருகத் தொடங்கியது. ஆடிப் பிறப்புக்குக் கூழ் காய்ச்சிய அன்று பார்க்கிறேன், பூச்சாடியில் ஒரு குச்சி.

மலைநாட்டில் வளரும் என்றால் இங்கே ஏன் கூடாது?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். சில வருடங்களில் தை, மாசியில் புல்லில் உறைபனி விழும். அந்தப் பக்கத்துக் காடுகளில் ராஸ்பெரியின் சொந்தக்காரக் காட்டு முட்செடிகள் தாமாகவே நிற்கின்றன. அங்கே நடப்பதை வைத்து இங்கே கணக்குப் போடக்கூடாது. ஒரே நாடு என்றாலும் சூழல் வேறு.

பிரிஜ்ஜில் வைத்துக் குளிர் காட்டினால் என்ன?

இதை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் சிரிக்காமல் பதில் சொல்லுகிறேன். கொள்கையளவில் பிழையில்லை. வெளிநாட்டு நாற்றுமேடைக்காரர் இந்தக் கன்றுகளைக் குளிர் அறையில்தான் சேமிக்கிறார்கள், அங்கேயே குளிர்க் கணக்கும் நிரம்புகிறது. வீட்டுப் பிரிஜ்ஜின் 4, 5 பாகையில் வேரை ஈர மரத்தூளில் சுற்றி ஆறேழு கிழமை வைத்தால் ஒரு தடவை மொட்டு எழும்பக்கூடும். அடுத்த வருடம்? திரும்பத் தோண்டி, திரும்ப உள்ளே வைக்கவேண்டும். வெப்பத்தில் அதற்கு இலை கொட்டவும் தோன்றாது. பூத்தாலும் 30 பாகைக்கு மேலான சூட்டில் மகரந்தம் கெட்டுப் பழம் மணிமணியாக உதிர்ந்து போகும். மின்சாரக் கட்டணத்தையும் வீட்டுக்காரியின் முகத்தையும் நினைத்துப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும்போது பையில் நாலு தடி போட்டுக்கொண்டு வரலாமா?

கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நடுவதற்கான செடி எதையும் கொண்டுவர முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும். அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்காவில் இதற்கென்றே தாவரத் தொற்றுத்தடைக்காப்புப் பிரிவு இருக்கிறது. பிடிபடுவது ஒருபுறம். ஒரு வேரில் ஒட்டி வரும் பூஞ்சணமோ வைரசோ யாரையும் கேட்டுக்கொண்டு வராது. எங்கள் கதலித் தோட்டங்களை வாடல் நோய் தின்றதைக் கண்ட சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மைசூர் ராஸ்பெரி என்று ஒன்று வெப்பத்தைத் தாங்குமாமே?

உண்மைதான். அது வேறு இனம், பழம் கறுப்பாகப் பழுக்கும், குளிர்க் கணக்குக் கேட்காது, தென் புளோரிடாவில் வீட்டுத் தோட்டங்களில் வைக்கிறார்கள். ஆனால் குருவி தின்று விதையை எங்கும் போடும், முட்புதராகப் பரவும். கலபகொஸ் தீவுகளில் அது இன்று பெரிய தலையிடி. சூரைமுள்ளும் பார்த்தீனியமும் வெட்டியே கை காய்த்துப்போன எனக்கு இன்னொரு முட்செடியைக் காட்டோரம் கொண்டுவந்து வைக்க மனமில்லை.

வெளிநாட்டில் இருக்கிறேன். எப்போது வாங்கி எப்போது நடுவது?

இங்கிலாந்து, ஸ்கொட்லாந்துப் பக்கம் நவம்பர் முதல் மார்ச் வரை. நவம்பரில் நட்டால் வேர் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், நான் எப்போதும் அப்படித்தான். கனடாவில் நிலம் உறைந்து கிடக்கும், பனி விட்ட பிறகு ஏப்ரல், மே. நோர்வேயிலும் அப்படித்தான். பூச்சாடியில் இலையோடு விற்பதை எப்போதும் நடலாம், ஆனால் விலை இரண்டு மூன்று மடங்கு.

கன்று வந்த அன்று மழையோ உறைபனியோ என்றால் பயப்படாமல் வேரை ஈர மணலில் புதைத்து, குளிரான கொட்டிலில் வைக்கலாம். வீட்டுக்குள், சூடேற்றி அருகே மட்டும் வைக்கவேண்டாம். முழித்துவிடும்.

எப்படி நடுவது?

இதில்தான் வன்னிக் கை என்னைக் கவிழ்த்தது. முதல் வருடம் பத்துக் கன்று வாங்கினேன். கதியால் போட்டுப் பழகிய கை அல்லவா, அலவாங்கு கிடைக்கவில்லை, இரும்புக் கம்பி ஒன்றால் ஒரு முழ ஆழம் குத்தி, தடியை இறக்கி, காலால் மிதித்து இறுக்கினேன். பக்கத்து வீட்டு ஆங்கிலக் கிழவர் வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. பத்தில் மூன்றுதான் முளைத்தது. மே மாதம் வந்து கிழவர் மெதுவாகச் சொன்னார், நீ அவற்றைப் புதைத்துவிட்டாய் என்று.

கதியாலுக்கு ஆழம் வேண்டும், அது தண்டிலிருந்து வேர் விடுவது, காற்றிலும் நிற்கவேண்டும். ராஸ்பெரிக்கு ஏற்கெனவே வேர் இருக்கிறது, அந்த வேரிலிருந்துதான் புதுத் தடி மேலே வரவேண்டும். வேருக்கு மேலே இரண்டு, மூன்று அங்குல மண் போதும். தடியில் பழைய மண் அடையாளம் தெரியும், அதே அளவுக்கு வைத்தால் பிழை வராது.

முதலில் வேரை வாளித் தண்ணீரில் ஒரு மணித்தியாலம், கூடினால் இரண்டு, ஊற வையுங்கள். நட எடுக்கும்போது ஒவ்வொன்றாக எடுங்கள், எல்லாவற்றையும் வரிசையாகக் காற்றில் பரப்பிவிட்டுக் குழி வெட்டவேண்டாம். மெல்லிய வேர் பத்து நிமிடக் காற்றிலேயே காய்ந்துவிடும். தனிக் குழியைவிட மண்வெட்டி அகலத்துக்கு நீளமாக ஒரு கான் வெட்டுவது நல்லது. அதில் மக்கிய எருவைக் கலந்து, வேரைக் கீழ்நோக்கித் திணிக்காமல் இரண்டு பக்கமும் கை விரித்ததுபோலப் பரப்பி, மண் போட்டு, குதிக்காலால் அளவாக மிதியுங்கள். கன்றுக்குக் கன்று ஒன்றரை அடி, வரிசைக்கு வரிசை ஆறு அடி. முடிவில் தடியைப் பத்து, பன்னிரண்டு அங்குலம் விட்டு மேலே வெட்டிவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கியதை வெட்ட மனம் வராது. வெட்டுங்கள். வேர் முதலில் தன்னைப் பார்க்கட்டும்.

தண்ணீர் தேங்கும் களி நிலமா? வரம்பு மாதிரி ஓரடி உயர்த்தி அதன் மேலே நடுங்கள். வேரழுகல் வந்த இடத்தில் பிறகு எதை வைத்தாலும் நிற்காது. முந்திய வருடங்களில் உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி நின்ற பாத்தியும் வேண்டாம். அவற்றைப் பிடிக்கும் வாடல் பூஞ்சணம் மண்ணில் பல வருடம் கிடந்து ராஸ்பெரியையும் பிடிக்கும். நம்மவர்கள் அங்கே போயும் கத்தரியும் மிளகாயும் வைக்காத பாத்தி எது என்று தேடத்தான் வேண்டும்.

எந்த இனம் வாங்கலாம்?

முதலில் கோடைக்காரனா, இலையுதிர்காலக்காரனா என்று கேளுங்கள், பெயர் பிறகு. கோடையில் காய்ப்பதில் கிளென் ஆம்பிள் ஸ்கொட்லாந்து இனம், முள் இல்லையென்றே சொல்லலாம், பழம் பெரிது. இலையுதிர்காலத்தில் பிந்திக் காய்ப்பதில் ஓட்டம் பிளிஸ், அமெரிக்காவில் 1969இல் வந்த ஹெரிட்டேஜ். கனடாவின் கடும்பனிப் பக்கத்துக்கு மனிட்டோபாவில் உண்டாக்கிய பொய்ன். நோர்வேக்காரருக்கு அவர்களுடைய வேட்டன். முதன்முறை வைப்பவருக்கு நான் பிந்திக் காய்ப்பதைத்தான் சொல்லுவேன். காரணம் அடுத்த கேள்வியில்.

எந்தத் தடியை வெட்டுவது? ஒவ்வொரு வருடமும் குழப்பமாக இருக்கிறது.

ராஸ்பெரியில் வேர் பல வருடம் வாழும், தடி இரண்டு வருடம்தான் வாழும். முதல் வருடம் பச்சையாக எழும்பி வளரும். குளிரில் உறங்கி, இரண்டாம் வருடம் பூத்துக் காய்த்து, செத்துவிடும். அதற்குள் பக்கத்தில் புதுத் தடிகள் வந்திருக்கும். வாழை குலை போட்டபின் தாய் போய்க் குட்டி வருகிறதே, அதே கதை.

ஆகவே கோடையில் காய்க்கும் இனத்தில், பழம் பறித்து முடிந்ததும் காய்த்த தடியை மட்டும் அடியோடு வெட்டவேண்டும். அது கபில நிறமாக, தோல் உரிந்து நிற்கும். பச்சையாக நிற்கும் புதுத் தடியில் நல்லதாக ஒரு செடிக்கு ஆறு, ஏழு விட்டுக் கம்பியில் கட்டிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மாசிக் குளிரில் துப்புரவு செய்கிறேன் என்று எல்லாவற்றையும் மொட்டை அடித்துவிட்டு, அந்தக் கோடை முழுவதும் பழம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்த வருடப் பழம் அவர் வெட்டி எரித்த தடியில்தான் இருந்தது.

பிந்திக் காய்க்கும் இனம் அந்த வருடத் தடியின் நுனியிலேயே காய்த்துவிடும். அதற்கு யோசனையே வேண்டாம், பெப்ரவரியில் எல்லாத் தடியையும் நிலமட்டத்துக்கு வெட்டிவிடலாம். அந்த மொட்டை அடித்த மனிதருக்கு இதுதான் பொருத்தம்.

இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. பசளை போதாதா?

பசளை போதாததல்ல, சுண்ணாம்பு கூடியது. ராஸ்பெரிக்குக் கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும், அமிலக் காரச் சுட்டெண் 6 அளவில் நின்றால் நல்லது. சுண்ணாம்பு கூடிய மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. லண்டன் குழாய்த் தண்ணீரும் இதே கோளாறுதான், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் காய்ச்சும் பானையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கூரைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து அதை ஊற்றுங்கள். இரும்புக் கரைசல் தெளித்தால் சுகம் தெரியும், ஆனால் அது பனடோல் போட்டதுபோல.

குருவி?

பழம் சிவக்க முன் வலை. சிவந்த பிறகு போட்டால் வலைக்குள்ளே இருந்து தின்னும்.

இங்கே அந்த மாதிரிப் பழம் ஒன்று வேண்டும் என்றால் என்ன வைக்கலாம்?

மல்பெரி வையுங்கள். தமிழில் முசுக்கொட்டை என்பார்கள், நாங்கள் வறை வறுக்கும் முசுட்டை வேறு. பார்வைக்கு ராஸ்பெரிபோல இருந்தாலும் இது பலாவுக்கும் அத்திக்கும்தான் சொந்தம். ராஸ்பெரியில் ஒரு பூவிலிருந்து ஒரு பழத்தின் எல்லா மணியும் வரும். மல்பெரியில் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு பூ, பலாச் சுளை மாதிரி. உள்ளே வெறுமையும் இல்லை. ருசி இனிப்பு, ராஸ்பெரியின் அந்தப் புளிப்பு வராது. அதற்காக நான் இரண்டு நாள் முந்திச் சிவப்பிலேயே பறித்துக் கறுத்ததோடு கலப்பேன்.

ஐப்பசி மழை விழுந்ததும் பென்சில் மொத்தத்தில், முற்றிய கிளையில் எட்டு, பத்து அங்குலத் துண்டு வெட்டுங்கள். மூன்று, நாலு கணு இருக்கவேண்டும். மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள். இங்கே உங்கள் கதியால் கை சரியாக உதவும். மார்கழிக்குள் பெரும்பாலும் வேர் பிடித்துவிடும். அயலுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் மப்பான நாள் ஒன்றில் கிளப்பி, மண்ணை உதறி, இலை எல்லாம் கிள்ளிவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுங்கள். மாரிக்குள் நட்டால் பிழைக்காது போகாது. லண்டனில் தபாலில் வந்த கன்றின் வன்னிப் பதிப்பு. நான் இதுவரை பதினைந்து வீட்டுக்காவது கொடுத்திருப்பேன்.

கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு வாளி தண்ணீர், அடியில் தென்னோலையோ வைக்கோலோ மூடாக்கு. காய்த்து முடிந்ததும் இடுப்பளவுக்கு வெட்டுங்கள், புதுத் தளிரில்தான் திரும்பக் காய் வரும். வெட்டிய இலையை ஆடு அடித்துப் பிடித்துத் தின்னும். குரங்கும் தின்னும், அதுவும் பழத்தோடு. அதற்கு என்னிடம் மருந்து இல்லை. நாயும் நானும் மாறி மாறி ஓடுகிறோம்.

காட்டில் பாலை, வீரை, முரளி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நியாயமான கேள்வி. பாலைப்பழத்தின் இனிப்புக்கு முன் ராஸ்பெரி நிற்காது, உதடு ஒட்டிக்கொள்வது மட்டும்தான் குறை. ஆனால் பாலை நின்று வளரும் மரம், இன்று விதை போட்டால் பழம் பேரப்பிள்ளைக்குத்தான் என்பார்கள். காணியில் ஒன்று தானாக முளைத்திருந்தால் தயவுசெய்து வெட்டவேண்டாம். மல்பெரி ஒன்றரை வருடத்தில் பிள்ளையின் கைக்கு வரும்.

மல்பெரிக் கறை உடுப்பில் பட்டால் போகுமா?

சிவக்காத காயை நசுக்கிக் கறையில் தேய்த்து உடனே கழுவினால் பெரும்பகுதி போகும், தேசிக்காயும் உதவும். காய்ந்துவிட்டால் போகாது. ஆகவே வெள்ளைச் சீருடையோடு பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை நேரே மரத்தடிக்கு விடவேண்டாம்.